அமுக்கரா: எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது?

ஆண்களுக்கான மூலிகை மாத்திரைகளைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமுக்கரா என்கிற அசுவகந்தாவைச் சுற்றியே இருந்தன. சித்த மருத்துவம், மருந்தியல், கல்லீரல் மருத்துவம் ஆகிய மூன்று துறைகளையும் சேர்ந்தவர்கள் கூடிப் பேசி எழுதிய பதில்கள் இவை. சொந்த விவரங்கள் உள்ளதால் ஊர்ப் பெயரை மட்டும் வெளியிடுகிறோம்.

நாட்டு மருந்துக் கடையில் 'அமுக்கரா பொடி', 'அமுக்கரா சூரணம்' என்று இரண்டு டப்பா காட்டுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் 500 மி.கி. கேப்சூல் இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானே? எதை எவ்வளவு சாப்பிடுவது? (வாசகர், வயது 34, திண்டுக்கல்)

மூன்றும் வேறு வேறு. எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பொடி என்பது வெறும் கிழங்கை, அதாவது வேரை, இடித்துச் சலித்தது. சூரணம் என்பது கூட்டு மருந்து. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரு மடங்காகப் போகும். மொத்தம் 255 பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாதி சர்க்கரை, கால்வாசிதான் அமுக்கரா. வேளைக்கு 2 கிராம் வீதம் இரு வேளை சூரணம் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு உள்ளே போகும் அமுக்கரா 1 கிராம். கூடவே சர்க்கரை 2 கிராம், சுக்கு அரை கிராம், திப்பிலி கால் கிராம். சுக்கும் திப்பிலியும் மிளகும் சேர்வதால் பசியைத் தூண்டும், மந்தம் தட்டாது. வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதே காரம்தான் தொந்தரவு.

வெறும் பொடிக்கு ஆயுர்வேத மருந்துநூல் சொல்லும் அளவு நாளைக்கு 3 முதல் 6 கிராம். எடுத்தவுடன் அந்த அளவுக்குப் போகாதீர்கள். இரவு உணவுக்குப் பின் 1 கிராமில் தொடங்கி, வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வாரம் பார்த்து ஏற்றுங்கள். முதலில் வரும் தொல்லை வயிற்றுப்போக்கும் குமட்டலும்தான். வீட்டு டீஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் வரும். குவித்து அள்ளினால் அதுவே 5 கிராமைத் தொடும். 'ஒரு ஸ்பூன்' என்ற அளவை நம்பி அளவுக்கு மேல் போகிறவர்கள் நிறைய.

கேப்சூல் விஷயத்தில் லேபிளைத் திருப்பிப் படிக்க வேண்டும். 500 மி.கி. வேர்ப்பொடியை அடைத்ததும் 500 மி.கி. எக்ஸ்ட்ராக்ட் (வேரின் சத்தைப் பிரித்தெடுத்தது) அடைத்ததும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அமுக்கராவின் முக்கிய வேதிப்பொருள்களுக்கு விதனோலைடு என்று பெயர். சாதாரண வேர்ப்பொடியில் இது பொதுவாக ஒரு விழுக்காடுகூடத் தேறாது. எக்ஸ்ட்ராக்டில் செறிவூட்டி வைத்திருப்பார்கள். 5% என்று போட்டிருந்தால் 300 மி.கி. கேப்சூலில் 15 மி.கி. விதனோலைடு இருக்கும். 2.5% என்றால் ஏழரை மி.கி. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் பலவற்றில் கொடுத்தது 5% எக்ஸ்ட்ராக்ட், 300 மி.கி. வீதம் இரு வேளை. விழுக்காடே போடாமல் 'சக்திவாய்ந்த அசுவகந்தா' என்று மட்டும் எழுதிய டப்பாவைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். அளவு தெரியாத மருந்துக்கு அளவு சொல்ல எங்களால் முடியாது.

பொடி, சூரணம், கேப்சூல் மூன்றில் ஏதாவது ஒன்று மட்டும். சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

கிழங்கை வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்ளலாமா? சுத்தி செய்ய வேண்டும் என்கிறார்களே? (வாசகர், நாகர்கோவில்)

செய்யலாம். நம் கடைகளுக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் வட்டாரத்தில் விளைவது. நல்ல கிழங்கு விரல் கனத்துக்கு உள்ளேயே இருக்கும், மேலே வெளிர் பழுப்பு. ஒடித்தால் 'டக்'கென்று ஒடிந்து, உள்ளே மாவுபோல வெள்ளையாகத் தெரிய வேண்டும். நார் நாராகக் கிழிந்தாலோ, நடுவே கட்டை தட்டினாலோ அது முற்றிய வேர், அல்லது தண்டைக் கலந்திருக்கிறார்கள். வாயில் போட்டால் கசப்பும் இலேசான கார்ப்பும் தெரியும். பொட்டுப் பொட்டாகத் துளையும் அடியில் தூளும் இருந்தால் வண்டு விழுந்த சரக்கு. மாவுச்சத்து அதிகம் என்பதால் வண்டுக்கு இது பிடித்த தீனி.

சித்த முறையில் சுத்தி செய்வது பிட்டவியல். கிழங்கைக் கழுவி நன்றாகக் காயவைத்து, இடித்து, சலித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் பாலும் தண்ணீரும் சம அளவு கலந்து பாதி உயரத்துக்கு ஊற்றி, வாயில் மெல்லிய பருத்தித் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் பொடியைப் பரப்பி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துச் சிறு தீயில் ஆவியில் வேகவிட வேண்டும். பால் பொங்கித் துணியைத் தொட்டால் பொடி கட்டியாகிவிடும். பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள் என்பது அதற்காகத்தான். வெந்த பொடியை வெயிலில் மொறுமொறுவென்று காயும்வரை உலர்த்தி மறுபடி இடித்துச் சலிக்கவும். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இந்த இரண்டாம் உலர்த்தலில்தான். ஈரம் நின்றால் ஒரு மாதத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். மக்கிய வாசனை வந்த பொடியை வறுத்துச் 'சரிசெய்து' சாப்பிடாதீர்கள், பூஞ்சை நஞ்சு வறுத்தால் போய்விடாது.

100 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் செய்ய வேண்டாம். கண்ணாடி பாட்டில், காய்ந்த ஸ்பூன்.

இலையைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டுத் தோட்டத்துச் செடியின் இலையைத் தின்பது வேண்டாம். 2021-இல் மத்திய ஆயுஷ் அமைச்சகமே, வேரைத்தான் பயன்படுத்த வேண்டும், இலையைத் தவிர்க்க வேண்டும் என்று மருந்துத் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. லேபிளில் செடியின் பெயரோடு 'வேர்' என்று குறித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

ஜிம்முக்குப் போகிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஏறும் என்று டிரெய்னர் அசுவகந்தா எடுக்கச் சொல்கிறார். உண்மையா? (வாசகர், வயது 27, கோயம்புத்தூர்)

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும், ஆனால் விளம்பரத்தில் சொல்லுமளவுக்கு இல்லை.

2015-இல் வெளியான ஒரு சோதனையில் 18 முதல் 50 வயதுள்ள 57 ஆண்களை எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்யவைத்து, ஒரு பிரிவுக்கு 300 மி.கி. எக்ஸ்ட்ராக்ட் இரு வேளையும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக டெசிலிட்டருக்கு 96 நானோகிராம் கூடியது, மற்றவர்களுக்கு 18. பெஞ்ச் பிரஸ்ஸில் 46 கிலோ கூடுதலாகத் தூக்கினார்கள், மற்றவர்கள் 26 கிலோ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்களுடைய அளவு தொடக்கத்திலேயே 600-க்கு மேல், முழு ஆரோக்கியமான நிலை. 630 இருந்தவருக்கு 726 ஆனால் உடம்பில் பெரிய மாற்றம் எதுவும் தெரியப்போவதில்லை.

2019-இல் உடல் பருமனுள்ள 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடந்த இன்னொரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் 14.7% கூடுதல். களைப்பு, சுறுசுறுப்பு, பாலுறவுத் திருப்தி ஆகியவற்றில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. ரத்த ரிப்போர்ட்டில் எண் ஏறுவது வேறு, ஆள் தெம்பாவது வேறு.

இதற்குக் கொஞ்சம் உறுதியான ஆதாரம் இருப்பது மன அழுத்தத்திலும் தூக்கத்திலும்தான். 2012-இல் 64 பேரிடம் நடந்த சோதனையில் 60 நாளில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சுமார் 28% குறைந்தது. தூக்கத்துக்கான ஐந்து சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் நாளைக்கு 600 மி.கி.யும் அதற்கு மேலும், எட்டு வாரமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல் பலன். ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஜிம்முக்கு ஓடுகிறவருக்குத் தூக்கம் சரியானாலே பாதி நன்மை வந்துவிடும். அதற்கு மாத்திரை வேண்டுமா, இரவு பதினொரு மணிக்கு மொபைலை வைத்துவிட்டால் போதுமா என்பதை உங்கள் டிரெய்னர் சொல்லமாட்டார்.

ரத்தப் பரிசோதனை எடுப்பதாக இருந்தால் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுங்கள். மாலையில் எடுத்தால் இயல்பாகவே குறைவாக வரும். குறைவென்றால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதிக அளவுப் பயோட்டின் சில கருவிகளில் டெஸ்டோஸ்டிரோனை உள்ளதைவிட அதிகமாகவும், தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச்சைக் குறைவாகவும் காட்டிவிடும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு எடுங்கள்.

எனக்கு 10 வருடமாகச் சர்க்கரை. ஒரு வருடமாக விறைப்பு சரியில்லை. அமுக்கரா மூன்று மாதம் சாப்பிட்டும் பலனில்லை. ஆன்லைனில் வாங்கிய வேறொரு 'நூறு சதவீத மூலிகை' கேப்சூல் அரை மணி நேரத்தில் வேலை செய்கிறது. அதையே தொடரலாமா? (வாசகர், வயது 52, மதுரை)

தொடராதீர்கள். இன்றே நிறுத்துங்கள்.

அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில், சாலாமிசிரி என்று எந்த மூலிகையும் அரை மணி நேரத்தில் விறைப்பைக் கொண்டுவராது. அப்படி வந்தால் உள்ளே விறைப்புக்கான ஆங்கில மருந்துகளான சில்டனாஃபிலோ டடலாஃபிலோ அவற்றின் மாற்றுருவோ கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இப்படிக் கலப்படமான 'மூலிகை' மாத்திரைகளை ஆண்டுதோறும் பிடித்துப் பெயரோடு வெளியிடுகிறது. முகம் சிவப்பது, மூக்கடைப்பு, தலைவலி, பார்வையில் நீல நிறம் படர்வது இவையெல்லாம் சில்டனாஃபிலின் அடையாளங்கள். உங்களுக்கு இவற்றில் ஏதாவது இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

சில்டனாஃபில் கெட்ட மருந்து அல்ல. டாக்டர் சீட்டோடு, அளவு தெரிந்து எடுப்பது முறையான சிகிச்சை. ஆபத்து எங்கே என்றால், உள்ளே இருப்பது தெரியாமல் எடுப்பதில். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்தோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிரே போகலாம். சில்டனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போகிறவர் 'மூலிகைதானே' என்று சொல்லாமல் விட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

பாலுறவுத் திறனைக் கூட்டும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்துத் தடைச் சட்டம் தடை செய்கிறது. அப்படி விளம்பரம் வருகிறதென்றால், அந்த நிறுவனம் முதல் அடியிலேயே சட்டத்தை மீறுகிறது என்று பொருள்.

உங்கள் பிரச்சினைக்கு வருவோம். பத்து வருடச் சர்க்கரையில் விறைப்புக் குறைவது பெரும்பாலும் ரத்தக் குழாயும் நரம்பும் பாதிக்கப்பட்டதால். ஆணுறுப்பின் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை, அடைப்பு அங்கே முதலில் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே வரும் எச்சரிக்கை இது என்று இதய மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இசிஜி, காலை டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவையும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நீங்கள் எடுக்கும் பிபி மாத்திரையின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள், சில வகை பிபி மாத்திரைகளே இதற்குக் காரணமாக இருக்கும். அதற்காக அதை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். அமுக்கராவை மறுபடி தொடங்குவதில் உங்களுக்குப் பலன் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

என் கணவர் (வயது 38) ஆறு வாரமாக அசுவகந்தா கேப்சூல் எடுக்கிறார். பத்து நாளாக உடம்பெல்லாம் அரிப்பு, தோலில் தடிப்பு எதுவும் இல்லை. சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி போகிறது. சூடு என்கிறார். (வாசகி, திருப்பூர்)

இது சூடு இல்லை அம்மா. இந்த இதழ் கையில் கிடைத்த அன்றே கேப்சூலை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

அசுவகந்தாவால் கல்லீரல் பாதிப்பு அபூர்வம், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் பதிவானது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் பதிவாகி 2020-இல் வெளியான ஐந்து நோயாளிகளின் அறிக்கையில் தொல்லை தொடங்கியது 2 முதல் 12 வாரத்துக்குள். அதன்பின் இந்தியாவிலிருந்தும் அறிக்கைகள் வந்தன. உங்கள் கணவருக்கு இருப்பதைப் போலவே படம் அமையும்: தடிப்பில்லாத அரிப்பு, அடர்ந்த சிறுநீர், வெளிறிய மலம், பிறகு கண் மஞ்சள். பித்தம் கல்லீரலிலேயே தேங்குவதால் வருவது அரிப்பு. உடம்பெங்கும், இரவில் அதிகமாக இருக்கும்.

எல்எஃப்டி என்ற கல்லீரல் பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்கள். பிலிருபின், எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, அல்கலைன் பாஸ்ஃபடேஸ் எல்லாம் அதில் வரும். கூடவே ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐஎன்ஆர் கட்டாயம். ஹெப்படைட்டிஸ் ஏ, பி, சி, இ பரிசோதனைகளும் வயிற்று ஸ்கேனும் தேவைப்படும், காமாலைக்கு வேறு காரணங்களும் உண்டு. கேப்சூல் டப்பாவைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள், பேட்ச் எண் முக்கியம்.

நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடும். முன்பே கல்லீரல் நோய் இருந்தவர்களுக்குத்தான் நிலைமை மோசமாகிறது. குழப்பமான பேச்சு, பகலில் தூங்கி வழிவது, ஈறில் ரத்தம், வயிறு வீங்குவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவசரப் பிரிவு. காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து மூன்று நாள் காத்திருக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இங்கே அந்த மூன்று நாளை வீணாக்காதீர்கள். சரியான பின் 'வேறு கம்பெனி' என்று மறுபடி அசுவகந்தாவைத் தொடவே கூடாது, அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம்.

இது போன்ற பக்கவிளைவைத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் தெரிவிக்கலாம். நோயாளியே சொல்லலாம்.

விந்தணு எண்ணிக்கை 11 மில்லியன். சித்த மருத்துவர் அமுக்கரா எழுதிக்கொடுத்தார். மனைவியும் உடம்பு தேற அதையே சாப்பிடுகிறார். சரியா? (வாசகர், வயது 31, திருச்சி)

முதலில் மனைவி நிறுத்தட்டும். கருவுற முயலும் பெண்ணும் கருவுற்றவரும் அமுக்கரா எடுக்கக் கூடாது, கருச்சிதைவு அபாயம் பற்றிய எச்சரிக்கை உண்டு.

உங்கள் விஷயத்தில் மருத்துவர் எழுதியது தவறில்லை. 2013-இல் எண்ணிக்கை குறைந்த 46 ஆண்களிடம் நடந்த சோதனையில் நாளைக்கு 675 மி.கி. எக்ஸ்ட்ராக்டை மூன்று வேளையாகப் பிரித்து 90 நாள் கொடுத்தபோது எண்ணிக்கை சராசரி 9.6 மில்லியனிலிருந்து 25.6-க்குப் போனது. சிறிய சோதனை, குழந்தை பிறந்ததா என்பதை வைத்து அளந்ததல்ல. விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஒரு மாதத்தில் டெஸ்ட் எடுத்துவிட்டு ஏறவில்லையே என்று மனம் உடைவதில் அர்த்தமில்லை. மூன்று மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் உறவின்றி இருந்துவிட்டு, அதே லேபில் எடுங்கள்.

இதற்கிடையே யூராலஜிஸ்ட்டிடம் ஒரு முறை காட்டி விரைப்பையில் நாளப்புடைப்பு (ரத்த நாளங்கள் வீங்குவது, வெரிகோசீல்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் எந்தச் சூரணமும் அதைச் சரிசெய்யாது. மடியில் லேப்டாப், புகை, வெந்நீர்த் தொட்டி மூன்றையும் விடுங்கள். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்தும்.

வேறு மாத்திரைகளோடு அமுக்கரா ஒத்துப்போகுமா? (பல வாசகர்கள்)

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கவனம். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டும். ஏற்கெனவே தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் தொடவே கூடாது. தைராக்சின் எடுப்பவர்கள் மருத்துவர் சம்மதித்தால் மட்டும், ஆறு வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்த்துக்கொண்டு. படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாமல் எடை குறைவது தெரிந்தால் நிறுத்துங்கள்.

தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு மயக்கம் கூடும். வலிப்புக்குப் ஃபெனிடாயின் எடுப்பவர்கள் சூரணத்தில் உள்ள மிளகு, திப்பிலியையும் கணக்கில் வைக்க வேண்டும், அவற்றில் உள்ள பைப்பரின் என்ற வேதிப்பொருள் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சர்க்கரை, பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு எதிர்பாராமல் இறங்கலாம். காசநோய்க்கான மாத்திரை எடுக்கும் ஆறு மாதமும், வாரந்தோறும் மது அருந்தும் பழக்கம் உள்ளவரையும், கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் வந்திருந்தாலும் வேண்டாம். உறுப்பு மாற்றம் செய்தவர்கள், முடக்குவாதத்துக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள், வேண்டவே வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தி மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டென்மார்க்கில் இதைத் தடை செய்துவிட்டார்கள். யாழ்ப்பாணம் போகும்போது வாங்கி வரலாமா? இவ்வளவு காலம் சாப்பிட்டதை எப்படித் திடீரென்று நஞ்சு என்கிறார்கள்? (வாசகர், டென்மார்க்)

நஞ்சு என்று அவர்களும் சொல்லவில்லை. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020-இல் கொடுத்த அறிக்கையில், தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள், கர்ப்பம் ஆகியவற்றில் ஏற்படக்கூடிய விளைவுகளைக் காட்டி, 'இவ்வளவு வரை பாதுகாப்பு' என்று ஓர் அளவை நிர்ணயிக்க முடியவில்லை என்றார்கள். அதை வைத்து 2023-இல் தடை வந்தது. அந்த அறிக்கை வேரையும் மற்றப் பாகங்களையும் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்று இந்தியத் தரப்பு மறுத்தது. அந்த மறுப்பில் நியாயம் உண்டு என்பது எங்கள் எண்ணம். இருந்தாலும் நீங்கள் வாழும் நாட்டுச் சட்டம் அது, கொண்டுவருவதை விட்டுவிடுங்கள். இன்னொன்று: அங்கே பக்கவிளைவு வந்தால் உங்கள் குடும்ப மருத்துவருக்கு இதைப் பற்றிய பழக்கம் இருக்காது.

தொடர்ந்து எத்தனை மாதம் சாப்பிடலாம்? பாலில்தான் சாப்பிட வேண்டுமா? (வாசகர், தஞ்சாவூர்)

சோதனைகள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் நடந்தவை. அதனால் மூன்று மாதத்தோடு நிறுத்துங்கள். முதல் எட்டு வாரத்தில் தூக்கமோ பதற்றமோ துளியும் மாறவில்லையென்றால் அதற்கு மேல் தொடர்வது காசுக்குத்தான் கேடு. தொடங்குமுன் ஒரு எல்எஃப்டி, டிஎஸ்ஹெச் எடுத்து வைத்துக்கொண்டு, ஆறாவது வாரத்தில் எல்எஃப்டியை மறுபடி பாருங்கள். அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் அமுக்கரா சூரணம் இலவசமாகவே கிடைக்கும், மருத்துவர் நாடி பார்த்து அளவும் சொல்வார்.

பால் கசப்பை மறைக்கும், வயிற்றைக் கடிக்காமல் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரிலோ தேனிலோ குழைத்துச் சாப்பிடலாம், சர்க்கரை உள்ளவர்கள் தேனை விட்டுவிட்டுத் தண்ணீரில். பகலில் எடுத்தால் தூக்கம் வருகிறதென்றால் இரவுக்கு மாற்றுங்கள். வண்டி ஓட்டும் வேலையில் இருப்பவர்கள் முதல் ஒரு வாரம் இரவு வேளை மட்டும்.